எருமைத்துறையில் நான் வைத்த போர்டு

1. சார்ஜ் எடுத்த நாள்

அந்தக் கிராமத்தில் நான் வி.ஏ.ஓ.வாகச் சார்ஜ் எடுத்த அன்று, எனக்கு முன்பு இருந்தவர் ஒரு பீரோ சாவி, அ-பதிவேடு, கிழிந்து செலோ டேப் ஒட்டிய புல வரைபடக் கட்டு ஆகியவற்றைக் கொடுத்தார். பிறகு பதிவேட்டைப் புரட்டி ஒரு சர்வே நம்பரின் மேல் விரலை வைத்தார்.

"மத்ததெல்லாம் பாத்துக்கலாமுங்க. இது ஒண்ணுதான் தலவலி. ஆத்துப் பொறம்போக்கு. ஆருக்கும் பட்டா இல்ல, அதனால எல்லாருக்கும் பாத்தியம்" என்றார்.

அதன் அர்த்தம் எனக்கு அன்று விளங்கவில்லை. நான் புதுச்சத்திரம் பக்கம் பிறந்து வளர்ந்தவள். எங்கள் பக்கம் தண்ணீர் என்றால் போர்வெல்தான். ரிக் வண்டி வந்து ஓட்டினால் வரும், வராமலும் போகும். ஆறு என்பதை ஈரோடு போகும்போது பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. அப்படிப்பட்டவளைக் காவிரிக்கரையில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். பள்ளிபாளையத்துக்கும் குமாரபாளையத்துக்கும் நடுவில் இருக்கும் கிராமம் அது. பெயரை எழுதவில்லை. இதில் வரும் ஆட்களில் பலர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் வி.ஏ.ஓ.க்கள் படிக்க ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று என்னிடம் கேட்டார்கள். பட்டா மாறுதலும் அடங்கலும் பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அதனால் நான் செய்த ஒரு தப்பை எழுதுகிறேன். அது பயிற்சியில் வராது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். புறம்போக்கு ஆற்றை ஒட்டி நீளமாகக் கிடக்கும். வடக்கு முனையில் கூட்டுக் குடிநீர்த் திட்டக் கிணறு. அதற்கு நல்ல தூரம் தள்ளி, நடுவில், சரிவாக மணலில் இறங்கும் ஒரு துறை. ஊர்க்காரர்கள் அதை எருமைத்துறை என்பார்கள். தெற்கே புதரும் புல்லுமாக மேய்ச்சல் நிலம். அந்த மேய்ச்சல் நிலத்தின் ஓரமாக நீர்மருதுக் கன்றுகளை வரிசையாக நட்டிருந்தார்கள், கரை அரிக்காமல் இருக்க.

காலையில் எருமைகள் துறையில் இறங்கும். பகலில் வெள்ளாடுகள் தெற்கே மேயும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் சுற்றுவட்டாரத்திலிருந்து குடும்பம் குடும்பமாகக் குளிக்க வருவார்கள். தக்காளி சாதம், சிப்ஸ் பாக்கெட், செல்போனில் பாட்டு. அடுப்பு மூட்டிக் கறிக்குழம்பு வைப்பவர்களும் உண்டு. முதல் ஒரு வருடம் நான் அந்தப் பக்கம் அதிகம் போகவில்லை. போகாதவரை தலைவலியும் இல்லை.

2. ஒரே வாரத்தில் மூன்று காகிதம்

முதல் காகிதம் ஆன்லைனில் வந்த மனு. அனுப்பியவர் திருமூர்த்தி. பள்ளிபாளையத்தில் தறி உதிரிபாகக் கடை வைத்திருப்பவர், வாரம் தவறாமல் குடும்பத்தோடு துறைக்கு வருபவர். கூடவே ஒரு போட்டோ. காற்றடித்த வாத்து பொம்மையின் மேல் ஒரு குழந்தை, அதற்குப் பக்கத்தில் கழுத்தளவு தண்ணீரில் ஒரு எருமைத் தலை. எருமை நிம்மதியாகத்தான் இருந்தது. குழந்தையும் சிரித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் மனுவில், சாணி மிதக்கும் தண்ணீரில் பொதுமக்கள் எப்படிக் குளிப்பது என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான்.

இரண்டாவது, குடிநீர்த் திட்ட இன்ஜினியரிடமிருந்து. கிணற்றைச் சுற்றி ஆளும் மாடும் நடமாடக் கூடாது, வருவாய்த் துறை எல்லை காட்டித் தர வேண்டும் என்று. மூன்றாவது, கன்று நட்டவர்களிடமிருந்து. ஆடுகள் குருத்தைக் கடித்துவிட்டன, பாதிக் கன்று மொட்டையாக நிற்கிறது என்று.

தாசில்தார் என்னைக் கூப்பிட்டு மூன்று காகிதத்தையும் மேசையில் வரிசையாக வைத்தார். ஆத்தூர் பக்கத்து மனிதர். நிதானமாகத்தான் பேசுவார்.

"மூணு பேரும் ஒரே எடத்துல முட்டிக்கறாங்க. பிரிச்சு விட்டுடும்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள ஸ்கெட்சும் கூட்ட நடவடிக்கையும் எனக்கு வந்துடணும்" என்றார்.

அன்று திங்கட்கிழமை.

3. மூன்று கலர் பென்சில்

ஸ்கெட்ச் போடுவதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. எங்கள் பிர்காவில் என் கோடு போல் யாருக்கும் வராது என்று வருவாய் ஆய்வாளரான ஆர்.ஐ.யே சொல்வார். புல வரைபடத்தைப் பெரிதாக்கி நகல் எடுத்து, கலர் பென்சில் வாங்கி வந்து உட்கார்ந்தேன். குடிநீர்க் கிணற்றைச் சுற்றியும் கன்றுகளைச் சுற்றியும் சிவப்பு. யாரும் போகக் கூடாது. நடுவில் இருந்த சரிவுத் துறைக்கு நீலம். அது பொதுமக்கள் குளிக்க. தெற்கே பச்சை. அது ஆடுமாடுகளுக்கு. எருமைகள் தண்ணீரில் இறங்கத் தெற்குக் கோடியில் ஒரு வழி காட்டினேன்.

அந்தத் தெற்குக் கோடி பாறையும் மேடுமாக இருப்பது வரைபடத்தில் தெரியாது. வரைபடத்தில் கரை ஒரு கோடு. ஆறு வெறும் வெள்ளைக் காகிதம். கல் நட்டு அளந்த நிலத்தை மட்டும்தான் நாம் வரைகிறோம். தண்ணீருக்குள் யாரும் கல் நட்டு அளந்ததில்லை. இது இப்போது எனக்குத் தெரிகிறது. அன்றைக்கு அந்தக் காகிதத்தைத் தள்ளி வைத்துப் பார்த்து, அழகாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

4. கூட்டம்

வியாழக்கிழமை காலை துறையிலேயே கூட்டம் போட்டேன். திருமூர்த்தி வந்தார், இன்ஜினியர் ஆள் அனுப்பினார், ஆட்டுக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். எருமைக்காரர்கள் சார்பில் பழனியம்மாள் வந்தார். என் வயதுதான் இருக்கும். ஏழு எருமை வைத்திருந்தார். அதுதான் அவருக்கு நிலம், தறி, உத்தியோகம் எல்லாம். புருஷன் இல்லை. மகளைச் சங்ககிரியில் கட்டிக் கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தார்.

நான் ஸ்கெட்ச்சைப் பைக் சீட்டின் மேல் விரித்து விளக்கினேன். ஆட்டுக்காரர்கள் கொஞ்சம் முனகினார்கள், பிறகு ஒத்துக்கொண்டார்கள். கன்று ஆளுயரம் வந்த பிறகு மேய்க்கலாம் என்றதும் அவர்களுக்குச் சமாதானம். பழனியம்மாள் ஸ்கெட்ச்சைப் பார்க்கவில்லை. ஆற்றைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"தெக்க பாறைங்க அம்மிணி. எருமைக்குக் கொளம்பு வழுக்கும். அது கெடக்கட்டும். எருமைய இங்கிருந்து எடுத்துட்டீங்கன்னா ஆத்த ஆருங்க பாக்கறது?"

ஆற்றை எதற்குப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன்.

"தண்ணி வந்துட்டுப் போனா அடியில மண்ணு மாறிப்போகுமுங்க. எருமை எங்க நிக்குதோ அங்கதான் நாங்க எறங்குவோம். எங்க நீஞ்சுதோ அந்தப் பக்கம் போக மாட்டோம். அது எறங்காம நாங்க எறங்கறதில்லீங்க."

நான் தலையாட்டினேன். உள்ளுக்குள் நினைத்தது வேறு. தன் எருமைக்குத் துறை வேண்டும், அதற்கு ஒரு சாக்கு சொல்கிறார் என்று நினைத்தேன். எருமை பார்த்துச் சொல்லி மனிதன் குளிப்பதா என்று எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. அதைவிட முக்கியம், கூட்டத்தில் ஒருவர் ஆட்சேபித்தார் என்று எழுதினால் பைல் மேலே போகும், விசாரணை வைப்பார்கள், வெள்ளிக்கிழமை தாண்டிவிடும்.

அதனால் நடவடிக்கைக் குறிப்பில் இப்படி எழுதினேன்: 'கால்நடை வளர்ப்போர் தரப்பில் ஆட்சேபணை ஏதுமில்லை.' எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினேன். பழனியம்மாளும் போட்டார். வி.ஏ.ஓ.வான மணியக்காரம்மா எழுதினால் தான் சொன்னதைத்தான் எழுதியிருப்பார் என்று அவர் நினைத்திருப்பார். படித்துக் காட்டவில்லை. அவரும் கேட்கவில்லை.

5. போர்டு

தாசில்தார் ஸ்கெட்ச்சைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றார். அடுத்த வாரமே ஆணை வந்தது. குடிநீர்க் கிணற்றைச் சுற்றிக் கம்பி வேலி, கன்றுகளைச் சுற்றி முள்வேலி. துறையில் ஒரு போர்டு. வாசகம் நான் கொடுத்தது, இரும்புத் தகட்டில் பெயிண்டர் எழுதினார். 'பொதுமக்கள் குளிக்கும் இடம். கால்நடைகளுக்கு அனுமதி இல்லை.' கீழே தண்ணீரைக் காட்டி ஒரு அம்புக்குறி. அம்புக்குறி என் யோசனை.

நட்ட அன்று திருமூர்த்தி வந்து போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டு எனக்கு நன்றி சொன்னார். மூன்று மாதம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. கன்று துளிர்த்தது. துறையில் சாணி இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இரண்டு மடங்கானது.

பழனியம்மாளின் எருமைகள் பாறைப் பக்கம் இறங்க மறுத்தன. ஒன்று வழுக்கிக் காலைக் கிழித்துக்கொண்டது. வெயிலில் தண்ணீரில் கிடக்காத எருமை பால் தராது. கரையில் சின்னத் தொட்டி வைத்துக் குடத்தில் தண்ணீர் மொண்டு ஊற்றிப் பார்த்தார். ஏழு எருமைக்கு எத்தனை குடம் ஊற்ற முடியும்? இதையெல்லாம் எனக்குச் சொன்னது சின்னச்சாமி. அவர் எங்கள் கிராம உதவியாளர், உள்ளூர்க்காரர். கேட்டுக்கொண்டேன். கொஞ்ச நாளில் பழகிவிடும் என்று சொன்னேன்.

6. அந்த ஞாயிறு

ஆடியில் மேட்டூரில் தண்ணீர் திறந்தார்கள். பதினைந்து நாள் ஆறு கரை தொட்டு ஓடியது. அந்தப் பதினைந்து நாளும் யாரையும் இறங்க விடாமல் சின்னச்சாமியைக் காவல் வைத்தேன். தண்ணீர் வடிந்து, துறை பழையபடி மணலும் சரிவுமாகத் தெரிந்ததும் காவலை எடுத்துவிட்டேன். மேலே பார்ப்பதற்கு எந்த வித்தியாசமும் இல்லை.

அடுத்த ஞாயிறு பகல் பதினொன்றரைக்குச் சின்னச்சாமி போன் செய்தார். ஒரு ஆள் முழுகிவிட்டார், உடனே வாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

நான் போனபோது தீயணைப்பு வண்டி வந்திருந்தது. பரிசல்காரர் கொக்கி போட்டுத் தேடிக்கொண்டிருந்தார். முழுகியவர் பெயர் வேலு. தறிப்பட்டறைத் தொழிலாளி. ஆத்தூர் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து எங்கள் கிராமத்திலேயே லைன் வீட்டில் குடியிருந்தார். வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. முப்பது வயது. போர்டுக்கு நேராக இறங்கி, இடுப்பளவு வரை நடந்து, இன்னும் ஓர் எட்டு வைத்திருக்கிறார். அங்கே தரை இல்லை. வெள்ளம் அடிமண்ணை வாரிக்கொண்டு போய், துறைக்கு நேர் எதிரே ஆள் முழுகும் பள்ளத்தை வைத்துவிட்டுப் போயிருந்தது.

ஒரு மணி நேரத்தில் எடுத்துவிட்டார்கள். அதைப் பற்றி எழுத வேண்டாம்.

உள்ளூர்க்காரர் ஒருவர்கூட அன்று தண்ணீரில் இறங்கவில்லை என்பதை அப்புறம்தான் கவனித்தேன். கரையில் இருந்தவர்கள் எல்லாம் வெளியூர், அல்லது புதிதாக வந்தவர்கள். ஏன் என்று சின்னச்சாமியைக் கேட்டேன்.

"வெள்ளம் போனதுக்கப்புறம் எருமை இன்னும் எறங்கலீங்களே. எறங்காத துறையில நாங்க எப்படிங்க எறங்குவோம்?" என்றார்.

இது உங்களுக்கு முன்பே தெரியும் என்றால் என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை.

"எல்லாருக்கும் தெரிஞ்சதுங்க. தெரிஞ்சத ஆரு சொல்லுவாங்க?"

அவருக்கு அப்படி. ஆனால் ஒருத்தர் எனக்குச் சொல்லியிருந்தார். அதைக் கேட்டுவிட்டு, ஆட்சேபணை ஏதுமில்லை என்று எழுதியவள் நான். அன்று கரையில் நின்றபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

7. பைல் என் பக்கம்

மறுநாள் தாசில்தார் பைலை வாங்கிப் பார்த்தார். பார்த்ததும் அவர் முகம் தெளிந்துவிட்டது. ஸ்கெட்ச் இருக்கிறது, கூட்டம் போட்டிருக்கிறது, எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், ஆட்சேபணை இல்லை. பைல் சுத்தமாக இருக்கிறது, நீ கவலைப்படாதே என்றார். இனி ஒரே வழி, மொத்தக் கரையையும் வேலி போட்டு அடைத்துவிடுவது, மனிதனும் வேண்டாம் மாடும் வேண்டாம் என்றார். அதற்கு ஒரு அறிக்கை கேட்டார்.

கரையை அடைத்தால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வேறு எங்காவது போகும். ஆடு வேறு புறம்போக்கில் மேயும். பழனியம்மாளுக்குப் போக்கிடம் இல்லை. பாறை வழியும் இல்லாமல் போகும். அதற்குள் அவர் இரண்டு எருமையைச் சந்தைக்கு ஓட்டிவிட்டார். மீதி ஐந்தையும் பார்க்க வியாபாரி வந்து போனதாகச் சின்னச்சாமி சொன்னார்.

அறிக்கையை எழுத உட்கார்ந்தேன். இரண்டு வரி எழுதி நிறுத்தினேன். இரண்டு வாரம் அந்த இரண்டு வரியோடு கிடந்தது. உண்மையை எழுதினால் எனக்கு மெமோ நிச்சயம். ஆர்.ஐ. பதவி உயர்வுப் பட்டியல் அப்போது தயாராகிக்கொண்டிருந்தது. இதை மறைத்துச் சொல்லி என்ன பயன்? பட்டியலைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

8. வாரிசுச் சான்று

மூன்றாம் வாரம், காரியம் எல்லாம் முடிந்து, வேலுவின் மனைவி செல்வி ஆபீசுக்கு வந்தார். வாரிசுச் சான்றுக்கு வி.ஏ.ஓ. விசாரணை வேண்டும். வழக்கமான கேள்விகளைக் கேட்டு எழுதினேன். கணவர் பெயர், இறந்த தேதி, வாரிசுகள் யார் யார். இறந்த விதம் என்ற இடத்தில் பேனா நின்றது. அவரே சொன்னார்.

"அவருக்குத் தண்ணின்னா பயம் மேடம். எங்க ஊர்ல ஏரிலகூட எறங்க மாட்டாரு. கவர்மென்ட்டே போர்டு வச்சிருக்கு, பயமில்லன்னு சொல்லிட்டுத்தான் எறங்குனாரு."

பிறகு, அந்த போர்டை யார் வைத்தது என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. எந்த ஆபீஸில் போய்க் கேட்பது என்று தெரிந்துகொள்ளக் கேட்பது போல் கேட்டார்.

"நான்தாம்மா" என்றேன்.

"வைக்கறதுக்கு முன்னாடி நீங்க எறங்கிப் பாத்தீங்களா?"

"இல்லம்மா."

அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சான்று எப்போது கிடைக்கும் என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். அந்தக் கிராமத்தில் ஒன்றரை வருடம் வேலை பார்த்தவள், அந்த ஆற்றில் கணுக்கால் நனைத்ததில்லை. அதை ஒரு பெண் கேட்ட பிறகுதான் யோசித்துப் பார்த்தேன்.

அவர் போனதும் எழுதி வைத்த இரண்டு வரியைக் கிழித்துப் போட்டேன். புதிதாக எழுதினேன். கூட்டத்தில் பழனியம்மாள் சொன்னதை, நினைவில் இருந்தவரை அவர் சொன்னபடியே எழுதினேன். அதை ஆட்சேபணையாகப் பதிவு செய்யாதது என் தவறு என்று எழுதினேன். கரையை அடைக்கத் தேவையில்லை, அவரை வைத்துத் துறையை நேரில் ஆய்வு செய்ய வேண்டும் என்றும் எழுதினேன்.

தாசில்தார் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"உனக்குச் சாதகமா இருக்கற பைல்ல நீயே குழி வெட்டிக்கறியேம்மா" என்றார். ஆனால் திருப்பிக் கொடுக்கவில்லை. வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பினார். அதற்காக அவர் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

9. எருமை காட்டியது

ஆர்.டி.ஓ. ஒரு காலை நேரத்தில் வந்தார். போர்டு அப்போதும் அங்கேதான் நின்றது, ஆதாரம் என்று எடுக்காமல், பக்கத்தில் காவல் போட்டு வைத்திருந்தார்கள். பழனியம்மாள் ஐந்து எருமையையும் ஓட்டி வந்தார். மூன்று மாதத்துக்கு மேல் அந்தத் துறையை மிதிக்காத எருமைகள், யாரும் ஓட்டாமலே இறங்கின.

போர்டுக்கு நேராகத்தான் போயின. இடுப்பளவு ஆழம் வந்ததும் முன்னால் போன கிழ எருமை நின்றது. மூக்கைத் தண்ணீரில் வைத்து ஊதியது. பிறகு நேராகப் போகாமல் வலப்பக்கம் திரும்பி, கரையை ஒட்டியே முப்பது அடி நடந்து, அங்கே போய்ப் படுத்தது. மற்றவையும் அதன் பின்னால் போயின. ஒரே ஒரு கடாரி மட்டும், இன்னும் ஈனாத இளம் எருமை, நேராகப் போனது. இரண்டு எட்டில் அதன் முதுகு மறைந்தது, தலை மட்டும் தெரிந்தது. நீந்திப் பள்ளத்தின் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது.

"படுத்த எடம் குளிக்கறதுக்குங்க. நீஞ்சுன எடம் ஆகாதுங்க. அடுத்த வெள்ளம் வந்தா இதும் மாறிப்போகும்" என்றார் பழனியம்மாள்.

பரிசல்காரரை விட்டு மூங்கிலால் ஆழம் பார்க்கச் சொன்னார் ஆர்.டி.ஓ. கடாரி நீந்திய இடத்தில் மூங்கில் முழுதும் உள்ளே போனது. எருமை படுத்த இடத்தில் தரை கெட்டியாக, மார்பளவுக்குக் கீழேதான் இருந்தது. அம்புக்குறி சரியாகப் பள்ளத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. திருமூர்த்தியும் வந்திருந்தார். தன் பிள்ளைகளும் அங்கேதான் குளித்தார்கள் என்று மெதுவாகச் சொன்னார். போட்டோ எடுத்து அனுப்பிய மனிதர் அன்று செல்போனை வெளியில் எடுக்கவே இல்லை.

அன்று மதியமே போர்டைப் பிடுங்கினோம். சின்னச்சாமியும் நானும்தான் பிடுங்கினோம்.

10. இரண்டாவது கூட்டம்

அடுத்த வாரம் அதே துறையில் மறுபடி கூட்டம். இந்தத் தடவை நான் ஸ்கெட்ச் எடுத்துப் போகவில்லை. எல்லோரும் கால் நனைத்து நின்று பேசினோம். பேசிப் பார்த்தால், நான் முதலில் செய்தது என்னவென்று தெரிந்தது. ஒரே துறை எருமைக்கும் மனிதருக்கும் வேண்டும் என்றதும் இடத்தைத் துண்டு போட்டேன். பிரித்திருக்க வேண்டியது நேரத்தை.

காலையில் எருமைகள் துறையில் இறங்கும். எருமை நின்ற இடத்தின் இரு முனையிலும் பழனியம்மாள் மூங்கில் ஊன்றி, இடையில் கயிறு கட்டுவார். ஒன்பது மணிக்கு எருமைகளை ஓட்டிக்கொண்டு, கரையில் கிடக்கும் சாணியை வாரிக்கொண்டு போய்விடுவார். அதற்குப் பிறகு ஆட்கள் கயிற்றுக்குள் குளிக்கலாம். திருமூர்த்தி ஒன்பது மணி என்பது ஒன்பதாகவே இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டார். குடிநீர்க் கிணற்று வேலியில் மாற்றம் இல்லை, அதில் யாருக்கும் தகராறும் இல்லை. ஆடுகள் இன்னும் இரண்டு மழைக்காலம் கன்றுப் பக்கம் வரக் கூடாது. அடுப்பு மூட்டுவதை நிறுத்துவது பற்றி மட்டும் முடிவாகவில்லை. அது இன்றும் முடிவாகவில்லை என்று கேள்வி.

எனக்கு மெமோ வந்தது. விளக்கம் கொடுத்தேன். கண்டனம் என்று பதிவேட்டில் ஏறியது. ஆர்.ஐ. பட்டியலில் அந்த வருடம் என் பெயர் இல்லை. வருத்தமாக இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் செல்விக்குச் சான்று கொடுக்கும்போது அவர் முகத்தை நேராகப் பார்க்க முடிந்தது. அதற்கு மேல் அவருக்கு நான் செய்ய முடிந்தது ஒன்றும் இல்லை.

அந்த இரண்டாவது கூட்டம் முடிந்த அன்றே நடவடிக்கைக் குறிப்பை எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினேன். திருமூர்த்தி போட்டார். ஆட்டுக்காரர்கள் போட்டார்கள். பழனியம்மாள் பேனாவை வாங்கவில்லை.

"படிச்சுக் காட்டுங்க அம்மிணி. போன தடவ என்ன எழுதுனீங்கன்னு அன்னிக்கு எருமைய பாக்க வந்த ஆபீசர் சொல்லித்தானே எனக்குத் தெரிஞ்சுது" என்றார்.

எல்லோர் முன்னாலும் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. சொல்லக் கூடாத எதையும் அவர் சொல்லிவிடவில்லை. முதல் வரியிலிருந்து சத்தமாகப் படித்தேன். ஒன்பது மணி என்று வந்த இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எருமை எறங்காத நாளும் இருக்குமுங்க. புதுத் தண்ணி வந்தா அது கரையிலயே நிக்கும். அன்னிக்கு மனுசனும் எறங்கக் கூடாது. அத எழுதலீங்களே."

எழுதியிருக்கவில்லை. இரண்டாம் தடவையும் விட்டுவிட்டேன். வேலு இறங்கியதே அப்படி ஒரு நாளில்தான். அவர் சொன்ன வார்த்தைகளையே ஐந்தாவது அம்சமாகச் சேர்த்து, அதையும் படித்துக் காட்டினேன். பழனியம்மாள் முழுதும் கேட்டுவிட்டு, பேனாவை வாங்கி, எழுத்து எழுத்தாகத் தன் பெயரைப் போட்டார்.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரைக்கும், படித்துக் காட்டாமல் நான் யாரிடமும் கையெழுத்து வாங்கியதில்லை. நேரம் ஆகும். பின்னால் நிற்பவர்கள் முறைப்பார்கள். மேலே இருப்பவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்பார்கள். இருந்தாலும் படித்துக் காட்டுங்கள். நான் முதல் கூட்டத்திலேயே படித்துக் காட்டியிருந்தால், இல்லைங்க, நான் அப்படிச் சொல்லலீங்க என்று பழனியம்மாள் அந்த இடத்திலேயே சொல்லியிருப்பார். ஒரு நிமிட வேலை அது. அந்த ஒரு நிமிடத்தை நான் மிச்சம் பிடித்தேன், வேலு செத்துப் போனார்.